தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா? இறங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

நவம்பர் 15 அன்று மிச்சிகனில் மான் வேட்டைக்கான துப்பாக்கிப் பருவம் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ப் பையன்களிடமிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும்: "அண்ணா, இருபது தோட்டாவுக்கு நாற்பத்தைந்து டாலர் கேக்குறான், நாமளே வீட்ல நிரப்பிக்கிட்டா என்ன?" ஃபோனில் பாதி சொல்லி பாதி விடுகிற விஷயம் இல்லை இது, வெடிமருந்தோடு விளையாட்டு வேண்டாம் என்பதால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

நான் சொல்வதெல்லாம் அமெரிக்க நிலவரம். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, ஆனால் நிரப்பி விற்பதென்றால் உற்பத்தியாளர் உரிமம் கட்டாயம். உங்கள் மாநில விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம், வேட்டையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. இதைப் படித்துவிட்டு அங்கே யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

ஒரு தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது

நாலு பொருள்தான். பித்தளைக் கூடு, அதன் அடியில் ஊசி அடித்ததும் பொறி கக்குகிற பிரைமர், உள்ளே புகையில்லா மருந்து, வாயில் செருகியிருக்கும் குண்டு. சுட்டதும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது கூடு மட்டும். அந்த நாலில் கூட்டின் விலைதான் பெரும்பாலும் அதிகம், அதுவும் பல முறை உழைக்கும். வீட்டில் நிரப்புவதில் லாபம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கூட்டிலிருந்துதான் வருகிறது. அதனால் துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்தே, நிரப்பப் போகிறீர்களோ இல்லையோ, சுட்ட கூடுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். பித்தளைக் கூடு மட்டும் போதும், இரும்புக் கூடும் அலுமினியக் கூடும் இந்த வேலைக்கு ஆகாது. கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை, நிரப்பலாம். சின்னதாக இரண்டு துளை தெரிந்தால் பெர்டான் வகை, கூட்டை இறுக்கிப் பழைய பிரைமரைத் தள்ளுகிற அச்சுக்கு டை என்று பெயர், சாதாரண டையில் உள்ள ஊசி அதில் உடைந்துபோகும், ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது கணக்கு

.308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையை எடுத்துக்கொள்வோம், பலர் கையில் இருப்பது அது. வேட்டைக்கான நல்ல தோட்டா 20 கொண்ட பெட்டி நான் வாங்கும் கடையில் சுமார் 45 டாலர், ஆக ஒன்று இரண்டே கால் டாலர். வீட்டில் நிரப்பினால் குண்டு 60 சென்ட், பிரைமர் 10 சென்ட். மருந்தைக் கிரெயின் என்ற எடையில் அளப்பார்கள், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். தோட்டாவுக்குத் தோராயமாக 44 கிரெயின் போகிறது என்று விலைக் கணக்குக்காக மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு பவுண்டில் 159 தோட்டா வரும். பவுண்டு 50 டாலர் என்றால் மருந்துக்கு 31 சென்ட். கூடு புதிதாக வாங்கினால் ஒரு டாலர், எட்டு முறை உழைத்தால் முறைக்குப் பன்னிரண்டு சென்ட். மொத்தம் ஒரு டாலர் 13 சென்ட். ஆக ஒரு தோட்டாவுக்கு ஒரு டாலருக்குக் கொஞ்சம் மேலே மிச்சம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரஸ் (கூட்டை டைக்குள் அழுத்துகிற கைப்பிடி இயந்திரம்), டை, தராசு, நீளம் அளக்கிற வெர்னியர், கூடு சுத்தம் செய்கிற உருளி, நுனி வெட்டும் கருவி, ஒரு கையேடு என்று எல்லாம் சேர்த்து, பெரிய ஆடம்பரம் இல்லாமலே 450 டாலர் ஆகிவிடும். அந்தப் பணம் திரும்பி வர ஏறக்குறைய 400 தோட்டா நிரப்ப வேண்டும். மானுக்குப் போகிறவர் வருஷத்தில் எத்தனை சுடுகிறார்? அக்டோபரில் குறி சரிபார்க்கப் பத்துப் பதினைந்து, பயிற்சிக்கு ஐந்தாறு, காட்டில் ஒன்று இரண்டு. 25 என்று வைத்தால் போட்ட பணத்தை எடுக்கப் பதினாறு வருஷம். அவருக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம், ஒரே வகைத் தோட்டாவில் நாலு பெட்டி சேர்த்து வாங்கி வைத்துக்கொள், மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை.

கைத்துப்பாக்கிக்காரர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் 9 எம்எம். கடையில் ஒன்று 25 சென்ட் அளவில் கிடைக்கிறது. வீட்டில் நிரப்பினால் குண்டு, பிரைமர், மருந்து எல்லாம் சேர்ந்து இருபத்தொன்று ஆகிவிடும். நாலு சென்ட் மிச்சம். ஆரம்பப் பிரஸ்ஸில் மணிக்கு ஐம்பது நிரப்பினால் ஒரு மணி நேர உழைப்புக்கு இரண்டு டாலர் கூலி. இதற்கு வாரக் கடைசியை விற்க வேண்டுமா என்று நீங்களே யோசியுங்கள். போட்டிகளுக்குப் போய் மாதம் ஆயிரம் சுடுகிறவர்கள் தானாகச் சுழலும் பெரிய பிரஸ் வைத்துக்கொண்டு செய்வார்கள், அது வேறு கதை. .308லேயே கூட, காகிதக் குறிக்குச் சுடும் மலிவுத் தோட்டா ஒரு டாலருக்குக் கீழே கிடைக்கும்போது வீட்டில் நிரப்புவதில் மிச்சம் கிட்டத்தட்ட இல்லை.

இன்னொரு கணக்கையும் மறக்காதீர்கள். மருந்தும் பிரைமரும் தபாலில் வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் என்று தனியாக ஒன்று போடுவார்கள், இருபது டாலருக்குக் குறைந்து நான் கண்டதில்லை. ஒரே ஒரு பவுண்டு மருந்துக்கு அதைக் கட்டினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரே தடவையில் வரவழையுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் கடையில் கிடைப்பதை வாங்குங்கள். விலையும் நிலையாக நிற்பதில்லை. 2020க்கு முன்னால் ஆயிரம் பிரைமர் முப்பது நாற்பது டாலருக்கு வாங்கியவர்கள், அதற்கடுத்த இரண்டு வருஷத் தட்டுப்பாட்டில் காலி அலமாரியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். நிரப்பத் தெரிந்தால் தட்டுப்பாட்டில் தப்பிக்கலாம் என்று சொல்வார்கள். கையில் சரக்கு இருந்தால்தான் அதுவும்.

அப்படியானால் யாருக்கு லாபம்

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். அவரிடம் அவருடைய அப்பாவின் துப்பாக்கி இருந்தது, 1920இல் வந்த .300 சாவேஜ் தோட்டாவுக்கானது. அந்தத் தோட்டா கடைகளில் எப்போதாவதுதான் வரும், வந்தால் சொன்ன விலை. அவர் ஷெட்டில் ஒரு பழைய இரும்புப் பிரஸ், கைப்பிடியில் பெயின்ட் எல்லாம் தேய்ந்து வெள்ளையாக மின்னும். அதில் நாற்பது கூடுகளைத் திரும்பத் திரும்ப நிரப்பியே தன் அப்பாவின் துப்பாக்கியை அவர் காட்டுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். இந்த மாதிரி ஆட்களுக்கு நிரப்புவது அவசியம். .257 ராபர்ட்ஸ், .35 வீலன் போன்ற அரிதான தோட்டாக்கள், .300 வெதர்பி மாதிரி ஒரு பெட்டிக்கே கையைக் கடிக்கிற மேக்னம் வகைகள், இவற்றையெல்லாம் வைத்திருப்பவர்கள் போட்ட காசைச் சீக்கிரமே எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது, தூரக் குறி சுடுகிறவர்கள். 6.5 கிரீட்மோர் தோட்டாவில் மாதம் நூறு சுடுகிறவருக்கு நாலைந்து மாதத்தில் முதல் திரும்பிவிடும், அதோடு தன் துப்பாக்கிக்குப் பிடித்த அளவில் குண்டைப் பொருத்தி, அறுநூறு கஜத்தில் வித்தியாசம் தெரிகிற அளவுக்குச் சீரான தோட்டா செய்துகொள்ள முடியும். ஆனால் மான் வேட்டைக்காரர் துல்லியத்துக்காக நிரப்புகிறேன் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய எட்டு அங்குலம். இப்போதைய கடைத் தோட்டா நூறு கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் போடுகிறது. நூற்றைம்பது கஜத்துக்குள் நடக்கிற வேட்டைக்கு அதுவே தாராளம். குறி தவறுவது பெரும்பாலும் தோட்டாவால் இல்லை, குளிரில் நடுங்குகிற கையால்.

நான் ஏன் செய்கிறேன் என்று கேட்பீர்கள். என் வீட்டில் அந்த இறைச்சியைக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். ஈயக் குண்டு எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத தூளாக இறைச்சிக்குள் சிதறும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான் என்று சட்டமே வந்துவிட்டது. மிச்சிகனில் அப்படிச் சட்டம் இல்லை, இருந்தாலும் நான் முழுச் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன். செம்புக் குண்டு போட்ட கடைத் தோட்டா விலை அதிகம், எனக்குப் பிடித்த எடையில் கிடைப்பதும் கஷ்டம், அதனால் நானே நிரப்புகிறேன். அது காசுக்கான காரணம் மட்டும் இல்லை, எனக்கு அது போதும்.

எதை வாங்குவது

முதல் பிரஸ் ஒற்றை நிலைப் பிரஸ்ஸாக இருக்கட்டும், அதாவது கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு வேலை நடப்பது. லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி, லைமன் என்று எந்தக் கம்பெனியானாலும் சரி, இரும்பில் வார்த்த நல்ல பிரஸ் உங்கள் பிள்ளை காலத்துக்கும் வரும், பழையது கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம். மணிக்கு நானூறு தள்ளுகிற சுழல் பிரஸ்ஸைப் புதியவர் வாங்கக் கூடாது, அதில் ஒரே இழுப்பில் நாலைந்து வேலை சேர்ந்து நடக்கும், எது தவறிப்போனது என்று கண்ணில் படாது.

தராசில் மிச்சம் பிடிக்காதீர்கள். எடைக்கல் வைத்து அடிக்கடி சரிபாருங்கள். கையேடு ஒன்று கட்டாயம், அதில் முன்பக்கத்தில் இருக்கும் அத்தியாயங்களைப் படித்த பிறகுதான் பின்பக்க அட்டவணைக்குப் போக வேண்டும். எவ்வளவு மருந்து என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை, வேறு யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். குண்டு தயாரிப்பாளரோ மருந்து தயாரிப்பாளரோ அச்சிட்டு வெளியிட்ட அட்டவணை மட்டும்தான் கணக்கு.

வேலை நடக்கிற வரிசை

கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதில் தொடங்குங்கள். கழுத்தில் விரிசல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அடிப்பக்கம், விளிம்புக்குச் சற்று மேலே, பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா? அந்த இடத்தில் உள்சுவர் மெலிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியைக் கொக்கி போல மடக்கி, உள்ளே விட்டு அடியிலிருந்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அந்தக் கூடு அடுத்த சுடலில் இரண்டாகப் பிய்ந்துவிடலாம். இடுக்கியால் நசுக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள், நசுக்காமல் விட்டால் என்றைக்காவது திரும்ப டப்பாவுக்குள் வந்துவிடும்.

அப்புறம் சுத்தம். மக்காச்சோளக் கதிர்க்கட்டைத் தூளோடு உருளியில் இரண்டு மணி நேரம் சுற்றினால் பித்தளை மின்னும். ஆனால் அந்தத் தூளில் பிரைமரின் ஈயம் கலந்திருக்கும், அதனால் இதை வீட்டுக்குள்ளே ஓட்டாதீர்கள், கராஜில் மூடி போட்டு ஓட்டுங்கள். சலிப்பதற்குச் சமையலறைச் சல்லடையை எடுக்கவே கூடாது. வேலை முடிகிறவரை ஒரு வாய் காப்பி கூட மேசைக்கு வரக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் இதில் இன்னும் கறாராக இருங்கள்.

அடுத்து, கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. சுடும்போது கூடு, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் அளவுக்கு ஊதிவிடும். டை அதைத் திரும்ப இறுக்கிவிட்டு, செத்த பிரைமரையும் கீழே தள்ளும். அதற்கு முன் கூட்டின் மேல் மசகு தடவ வேண்டும், இந்த இடத்தில்தான் நான் முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். மூன்றாவது கூட்டுக்கு மசகு சரியாகப் படவில்லை, பாதி ஏறியதும் பிரஸ் கைப்பிடி கல்லாக நின்றது, அவசரத்தில் நான் இன்னும் அழுத்தினேன். கூடு டைக்குள் இறுகி, கீழே இழுத்ததும் விளிம்பு பிய்ந்து கையோடு வந்துவிட்டது. பெரியவர் வந்து கூட்டின் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, ஒரு திருகை இறக்கி அரை மணி நேரம் போராடித்தான் அதை வெளியே எடுத்தார். கைப்பிடி கனத்தால் நிறுத்துங்கள், திரும்ப இறக்கி மசகைப் பாருங்கள். அதற்காக வழிய வழியத் தடவவும் கூடாது, அதிகமானால் கழுத்துக்குக் கீழே சரிகிற கூட்டின் தோளில் குழி விழும். வேட்டைத் தோட்டாவுக்குக் கழுத்தை மட்டும் இறுக்காமல் முழுக் கூட்டையும் இறுக்குங்கள், மான் முன்னால் நிற்கும்போது தோட்டா அறைக்குள் ஏறாமல் நிற்கக் கூடாது.

கூடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். .308க்கு 2.015 அங்குலம் உச்சம், அதைத் தாண்டினால் வெட்ட வேண்டும், வெட்டிய வாயை உள்ளும் புறமும் பிசிறு எடுக்க வேண்டும். நீளமான கூட்டின் வாய் அறையில் முட்டி குண்டை நெரிக்கும், அழுத்தம் எகிறிவிடும். இந்த வேலை அலுப்பாக இருக்கும். அதற்காகத் தாண்டிப் போகாதீர்கள்.

பிரைமர் பொருத்தியதும் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், பிரைமர் விளிம்பைவிட ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும், துருத்தக் கூடாது. கூட்டை மேசையில் நிறுத்தினால் ஆடக் கூடாது. பிரைமரை அது வந்த அட்டையிலேயே வைத்திருங்கள், ஒரு நாளும் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைக்காதீர்கள், ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

இனி மருந்து. என் மேசையில் ஒரே நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும், இரண்டாவது டப்பா அலமாரியில் பூட்டியிருக்கும். பெயரை முழுசாகப் படியுங்கள். ஹாட்ஜ்டன் 4831 வேறு, ஐஎம்ஆர் 4831 வேறு. எண் ஒன்றுதான், எரியும் வேகம் வேறு. எண்ணை மட்டும் நம்பி அளந்தால் துப்பாக்கியும் போகும், கண்ணும் போகும். அட்டவணையில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்கத்தில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாக ஏறுங்கள், குண்டையோ பிரைமரையோ கூட்டையோ மருந்தையோ எதை மாற்றினாலும் மறுபடி தொடக்கத்துக்கு வாருங்கள். அதற்கும் கீழே குறைத்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், சில மருந்துகள் குறைந்தாலும் ஆபத்துதான். கண்திட்டம், கைப்பக்குவம் எல்லாம் சமையலுக்குத்தான்.

ஐம்பது கூட்டையும் கட்டையில் நிறுத்தி மருந்து போட்ட பிறகு, குண்டு வைப்பதற்கு முன், டார்ச்சை எடுத்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றாகத் தெரிய வேண்டும். கைத்துப்பாக்கிக் கூட்டில் இது உயிர் விஷயம், வேகமாக எரியும் மருந்து கூட்டின் பாதியைக்கூட நிரப்பாது, அதனால் இரண்டு தடவை போட்டாலும் வழியாமல் உள்ளேயே அடங்கிவிடும். மருந்தே இல்லாத கூடும் அதே அளவுக்கு மோசம். பிரைமரின் வேகம் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்திவிடும், தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். அதனால் ஃபோனை வேறு அறையில் வையுங்கள், டிவி வேண்டாம், பேச்சுத் துணையும் வேண்டாம். யாராவது கூப்பிட்டால் எழுந்து போவதற்கு முன், அந்த நேரத்தில் பாதியில் இருக்கும் கூட்டைக் கொட்டிவிட்டுப் போங்கள். தூக்கம் வந்தால் மூடிவைத்துவிட்டுப் படுங்கள்.

கடைசியாகக் குண்டு. கையேட்டில் சொன்ன மொத்த நீளத்துக்கு வெர்னியர் வைத்து இறக்குங்கள், அது உங்கள் துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்குகிற மேகசினில் அடங்குகிறதா என்றும் பாருங்கள். பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டி குண்டு, மருந்து, அளவு, பிரைமர், கூடு எத்தனையாவது தடவை, தேதி எல்லாம் எழுதுங்கள். சீட்டில்லாத பெட்டி கிடைத்தால், அது உங்களுடையதாகவே இருந்தாலும் சுடாதீர்கள். அடுத்தவர் நிரப்பியதை நீங்கள் சுடாதீர்கள், நீங்கள் நிரப்பியதை நண்பனுக்கும் கொடுக்காதீர்கள். பெரும்பாலான துப்பாக்கிக் கம்பெனிகள், வீட்டில் நிரப்பிய தோட்டாவால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று புத்தகத்திலேயே போட்டுவிடுகின்றன.

வீட்டில் வைத்திருக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதியில் மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே 20 பவுண்டு வரை, பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், தீயணைப்பு நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெயில் படாத, சூடேறாத, பிள்ளைகள் கை எட்டாத இடம் வேண்டும்.

முதல் பத்து

முதல் தடவை ஐம்பது நிரப்பாதீர்கள். தொடக்க அளவில் பத்து மட்டும் நிரப்புங்கள், சரியில்லை என்றால் பிரிக்க வேண்டியதும் பத்துதான். களத்தில் கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், மேகசினை நிரப்ப வேண்டாம். ஒன்று சுட்டதும் போல்ட்டை, அதாவது அறையைப் பின்னாலிருந்து அடைக்கிற தண்டின் கைப்பிடியை, தூக்கிப் பாருங்கள், வழக்கம்போல வருகிறதா, இல்லை தட்டித் தூக்க வேண்டியிருக்கிறதா? கூட்டை எடுத்துப் பிரைமரைப் பாருங்கள், ஓரம் உருண்டையாக இருக்கிறதா, இல்லை தட்டையாக நசுங்கிப் பள்ளம் முழுக்கப் பரவியிருக்கிறதா? அடியில் புதிதாக வட்டத் தழும்பு விழுந்திருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து மிச்சத்தைப் பிரித்துவிடுங்கள். சத்தம் "பட்" என்று மந்தமாக வந்து தோளில் உதையே தெரியவில்லை என்றால் கை அடுத்த தோட்டாவுக்குப் போகக் கூடாது, கொஞ்ச நேரம் குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டிப் பிடித்திருந்துவிட்டு, துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பத்தும் ஒழுங்காகப் போனால் பத்துக் கூட்டையும் தனி டப்பாவில் போட்டு "ஒரு தடவை" என்று எழுதிவையுங்கள். அடுத்த பத்தை அடுத்த வாரம் நிரப்பலாம்.